ராபின்சன் குரூசோவின் சுதந்திரமும் அவன் விற்ற சிறுவனும்

கேள்வி இதுதான்: நாவல் நாயகன் ராபின்சன் குரூசோ மொராக்கோவில் அடிமையாக இருந்து தப்பியவன். அப்படிப்பட்டவன், தன்னோடு தப்பி வந்த சிறுவனை எப்படி விற்றான்? அப்புறம் ஆப்பிரிக்காவுக்கு அடிமைகளை வாங்கி வர எப்படிக் கப்பலேறினான்? இவனைச் சுதந்திரத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் உதாரணமாகச் சொல்வது சரியா?

சிறுவர் பதிப்பில் மட்டும் இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வியப்பாக இருக்கும். சுருக்கப் பதிப்புகள் பலவும் நேராகப் புயலுக்கு வந்துவிடுகின்றன. கப்பல் உடையும், ஒருவன் மட்டும் கரையேறுவான், குடில் கட்டுவான், ஆடு வளர்ப்பான், ஒருநாள் மணலில் காலடித் தடத்தைப் பார்த்து நடுங்குவான். அந்தக் கப்பல் எதற்காகக் கிளம்பியது என்பது விடுபட்டுப் போகும். 1719 ஏப்ரலில் லண்டனில் வெளிவந்த டேனியல் டீஃபோவின் முழு நாவலில் அது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பிரேசில் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை வாங்கி வர, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையை நோக்கிக் கிளம்பிய கப்பல் அது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரூசோவுக்குத் தன் சுதந்திரத்தின் மேல் இருக்கும் ஆசை உண்மையானது. ஆனால் நிலம், பொன், துப்பாக்கி போல அதையும் தன் உடைமையாகத்தான் அவன் பார்க்கிறான். தான் இழந்தால் அழுகிறான், மீட்டால் மகிழ்கிறான். எதிரில் நிற்பவனுக்கும் அதே சுதந்திரம் உண்டு என்பது மட்டும் அவன் மனதில் ஏறவே இல்லை. தீவில் கழிந்த நீண்ட காலமும் இதை மாற்றவில்லை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்க வேண்டும். குரூசோ 1632இல் யார்க் நகரில் பிறந்தவன். அப்பா சொல்லைத் தட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறான். முதல் கினி பயணத்தில் அவன் கொண்டுபோனது சுமார் 40 பவுன் மதிப்புள்ள சில்லறைப் பொருட்கள். திரும்பி வரும்போது அது தங்கத்தூளாகி, லண்டனில் ஏறக்குறைய 300 பவுனுக்கு விலைபோகிறது. ஆப்பிரிக்கா என்றால் லாபம் என்பது அவன் மனதில் பதிந்தது அங்கேதான். அடுத்த பயணத்தில் சலே துறைமுகத்துக் கடற்கொள்ளையர்கள் அவன் கப்பலைப் பிடிக்கிறார்கள்.

சலே டீஃபோவின் கற்பனை இல்லை. இன்றைய ரபாத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர். 1609க்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட மொரிஸ்கோக்கள் (கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்) பலர் அந்த ஆற்றுமுகத்தில் குடியேறினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கிளம்பிய கொள்ளைக் கப்பல்கள் ஐரோப்பிய மாலுமிகளைப் பிடித்து அடிமைகளாக விற்றன, மீட்புப் பணம் கேட்டன. ஆங்கிலேய வாசகர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான பயம். அதனால் குரூசோ தான் ஒரே நாளில் வியாபாரியிலிருந்து அடிமையாகிவிட்டேன் என்று நொந்துகொள்ளும்போது, அவர்களுக்கு அந்த வேதனை உடனே புரிந்திருக்கும்.

கொள்ளைக் கப்பலின் தலைவன் அவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான். தோட்ட வேலை, வீட்டு வேலை, எப்போதாவது மீன் பிடிக்கப் படகோட்டும் வேலை. இரண்டு ஆண்டு கழித்து அந்த மீன்பிடிப் படகிலேயே தப்பிக்கிறான். படகில் அவனோடு இருவர்: எஜமானின் உறவினனான ஒரு மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்), சூரி என்ற சிறுவன். மூரைக் கடலில் தள்ளிவிட்டு, நீந்திக் கரைக்குப் போ, படகை நெருங்கினால் சுடுவேன் என்கிறான். இந்த ஆளை வைத்துக்கொண்டு சிறுவனை மூழ்கடித்திருக்கலாம், ஆனால் இவனை நம்ப முடியாதே என்று அந்த இடத்தில் ஒரு கணக்கும் போடுகிறான். பிறகு சூரியிடம் திரும்பி, எனக்கு விசுவாசமாக இருந்தால் உன்னைப் பெரிய ஆளாக்குவேன், இல்லையென்றால் உன்னையும் கடலில் எறிவேன் என்கிறான். சிறுவன் சிரித்த முகத்தோடு சத்தியம் செய்கிறான். அவர்களுடைய நட்பு தொடங்கியது இப்படித்தான்.

அந்தச் சத்தியத்தை சூரி முழுமையாகக் காப்பாற்றுகிறான். தண்ணீர் தேடிக் கரையிறங்க வேண்டிய இடத்தில், நானே போகிறேன் என்று முன்வருகிறான். காட்டு மனிதர்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீ தப்பிவிடு என்கிறான். இதைக் கேட்ட பிறகு அவன் மேல் எனக்கு என்றைக்குமான அன்பு வந்துவிட்டது என்று எழுதுகிறான் குரூசோ. அடுத்த சில பக்கங்களில் அவனை விற்றுவிடுகிறான்.

விற்கும் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். அவர்களைக் கடலில் காப்பாற்றும் போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் மிக நல்ல மனிதர். குரூசோ நன்றியாகக் கொடுக்கும் எதையும் தொட மறுக்கிறார். என்னை யாராவது எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பேனோ, அப்படித்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்கிறார். படகுக்கு 80 ஸ்பானிய வெள்ளி நாணயம் தருகிறார். சிங்கத்தோலுக்கும் சிறுத்தைத்தோலுக்கும் தனித்தனி விலை கொடுக்கிறார். சூரிக்கு 60 நாணயம் என்கிறார். என் விடுதலைக்கு இவ்வளவு உண்மையாக உதவிய பையனின் விடுதலையை விற்க மனம் வரவில்லை என்று குரூசோ தயங்குகிறான். தலைவர் ஒரு நிபந்தனை சேர்க்கிறார்: பையன் கிறிஸ்தவனானால் பத்து ஆண்டில் விடுவிப்பேன். சூரியும் சம்மதிக்கிறான். விற்பனை முடிகிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் மிக நேர்மையான பக்கம் இது. குரூசோவுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். அவனே அதற்கு விடுதலை என்று பெயர் சொல்கிறான், அது தனக்குச் செய்யப்பட்ட உதவிக்கு எதிரானது என்றும் சொல்கிறான். சொல்லிவிட்டு, கௌரவமான ஒரு காரணம் கிடைத்ததும் பணத்தை வாங்கிக்கொள்கிறான். கப்பல் தலைவரின் அந்தப் பொன்னான வார்த்தை குரூசோவுக்கு மட்டும்தான். அதே கப்பலில், அதே நாளில் காப்பாற்றப்பட்ட சூரிக்கு அது பொருந்தவில்லை. எல்லாவற்றையும் விற்று, சுமார் 220 நாணயத்தோடு குரூசோ பிரேசிலில் இறங்குகிறான். அவன் தோட்ட முதலாளி ஆவதற்கான முதலீட்டில் சூரியின் விலையும் இருக்கிறது.

பிறகு ஒருமுறை சூரியை விட்டது தவறு என்று வருந்துகிறான். எப்போது தெரியுமா? புகையிலையும் கரும்பும் பயிரிடக் கையாள் போதாதபோது. அந்த வருத்தத்தில் சூரி ஒரு நண்பனாக வரவில்லை, குறைந்துபோன ஒரு வேலையாளாக வருகிறான். சீக்கிரமே ஓர் ஆப்பிரிக்க அடிமையையும் ஓர் ஐரோப்பிய வேலையாளையும் வாங்கிக்கொள்கிறான்.

நான்கு ஆண்டில் தோட்டம் தழைக்கிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் தன் கினி அனுபவத்தைச் சொல்கிறான்: மணி, கண்ணாடித் துண்டு, கத்தி, கத்தரிக்கோல் கொடுத்தால் தங்கத்தூளும் தந்தமும் அடிமைகளும் வாங்கலாம். அன்று அரசர்களின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அடிமைகளைக் கொண்டுவர முடியும், அதனால் விலை மிக அதிகம். ரகசியமாக ஒரே ஒரு பயணம் போய், கொண்டுவருபவர்களை நமக்குள் பங்கிட்டுக்கொள்வோம் என்கிறார்கள் தோட்டக்காரர்கள். குரூசோ கப்பல் சரக்குக்கும் வியாபாரத்துக்கும் பொறுப்பாளன், காசு போடாமலே சமபங்கு. 1659 செப்டம்பர் 1 அன்று 120 டன் கப்பல் கிளம்புகிறது. செப்டம்பர் 30 அன்று அவன் மட்டும் கரையேறுகிறான்.

தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கதையில் அந்தக் கப்பல் உடைந்த 1659ஆம் ஆண்டு தஞ்சைச் சீமை பீஜப்பூர்ப் படைகளின் தாக்குதலில் சிதைந்துகொண்டிருந்தது. 1661 வரையிலான காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும். ஆகவே டீஃபோ எழுதிய வியாபாரம் அட்லாண்டிக்கில் மட்டும் நடந்தது என்று எண்ணி நாம் தள்ளி நின்று படிக்க வேண்டியதில்லை.

சரி, அந்தக் காலம் அப்படி, டீஃபோவுக்கு என்ன தெரியும் என்று சிலர் வாதிடுவார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1688லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர், உங்களை யாராவது இப்படிப் பிடித்து விற்றால் ஏற்பீர்களா என்ற அடிப்படையில் அடிமை முறையை எதிர்த்து மனு எழுதிவிட்டார்கள். டீஃபோவே 1702இல் எழுதிய ஒரு நீண்ட கவிதையில், விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து மனித உயிர்களை வாங்குகிறவர்களைச் சாடியிருக்கிறார். பிறகு பத்திரிகையாளராக ஆப்பிரிக்க வணிகம் பிரிட்டனுக்கு அவசியம் என்று வாதாடியவரும் அவரேதான். 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கை மூலம், ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 அடிமைகள் வீதம் 30 ஆண்டு கொண்டுபோகும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது. நாவல் வெளிவந்தபோது லண்டனில் அந்த வியாபாரத்தின் பங்குகள் விலைபோய்க்கொண்டிருந்தன. எழுதியவருக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்பதால்தான் சூரியை விற்கும் இடத்தில் அந்தத் தயக்கம் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கர்க்கின் உண்மைக் கதைதான் இது என்றும் அடிக்கடி சொல்வார்கள். செல்கர்க் 1704 முதல் 1709 வரை பசிபிக்கில், சிலி நாட்டுக்கு எதிரே உள்ள ஒரு தீவில் தனியாக இருந்தவர். அவர் கதையில் தோட்டமும் இல்லை, சூரியும் இல்லை, குரூசோ தீவில் காப்பாற்றிய இளைஞன் ஃப்ரைடேயும் இல்லை. டீஃபோ தன் தீவைத் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றின் முகத்துக்குப் பக்கத்தில், சர்க்கரையும் அடிமைகளும் போய்வரும் கடலில் வைத்தார். தனிமையை செல்கர்க்கிடமிருந்து எடுத்திருக்கலாம். மற்றதெல்லாம் டீஃபோவின் தேர்வு.

இனி பிழைப்பு. இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நீளப் பலகை செய்ய 42 நாள் ஆகிறது. மரத்தை வெட்டி, கிளை கழித்து, குடைந்து, மாதக்கணக்கில் உழைத்து ஒரு படகு செய்கிறான். தண்ணீர் வரைக்கும் நகர்த்த முடியாமல் அது அங்கேயே கிடக்கிறது. கோழித்தீவனப் பையை உதறிய இடத்தில் பார்லி முளைத்ததைப் பார்த்து முதலில் தெய்வச் செயல் என்று அழுகிறான். அந்தச் சில கதிர்களை விதையாக்கி, மறுபடி விதைத்து, நான்காம் ஆண்டில்தான் ஒரு வாய் சாப்பிடத் துணிகிறான். ஒரு ரொட்டிக்கு எத்தனை கைவேலை வேண்டும் என்று இவ்வளவு பொறுமையாகச் சொன்ன நாவல் அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவன் வெறுங்கையோடு பிழைக்கவில்லை. உடைந்த கப்பலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அரிசி, பாலாடைக்கட்டி, துப்பாக்கி, வெடிமருந்து, தச்சுப்பெட்டி என்று எல்லாவற்றையும் கரைசேர்க்கிறான். பலகை செய்யும் இடத்தில் ஒரு வரி போகிறபோக்கில் வரும்: பெரிய கோடாலி மூன்றுதான் இருந்தது, கைக்கோடாலிகள் ஏராளம், ஏனென்றால் அவை பண்டமாற்றுக்காகக் கொண்டுவந்தவை. அடிமைகளை வாங்கப் புறப்பட்ட கப்பலின் சரக்கு அது. மனிதர்களை வாங்குவதற்கான விலையைக் கொண்டுதான் அவன் மரம் வெட்டினான்.

தீவில் அவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்கிறான் என்பதைப் பார்த்தால் சுதந்திரம் பற்றிய அவன் எண்ணம் தெரியும். சில நாள் தான் கைதி, கடலே பூட்டும் தாழ்ப்பாளும் என்று புலம்புகிறான். சில நாள் இந்தத் தீவுக்கு நானே அரசன் என்று பெருமைப்படுகிறான். ஆறாம் ஆண்டைக் குறிப்பிடும்போது, என் ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அல்லது என் சிறையின், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஒன்று ஆளுபவன், இல்லையென்றால் அடைபட்டவன். யாரையும் ஆளாமல், யாருக்கும் அடங்காமல் இன்னொருவனோடு சேர்ந்து இருக்கலாம் என்ற நிலை அவன் கற்பனையில் இல்லை.

அவன் மனம்வருந்தவில்லையா என்றால், நிறைய வருந்துகிறான். காய்ச்சலில் கிடந்தபோது பைபிளைத் திறந்து, மீட்பு என்பது தீவிலிருந்து மட்டுமில்லை, பாவத்திலிருந்தும்தான் என்று உணர்கிறான். அந்தப் பாவப் பட்டியலில் தலையாயது அப்பா சொல்லைக் கேட்காதது. கினி பயணத்தைப் பற்றி 24ஆம் ஆண்டில், மழைக்கால இரவு ஒன்றில் தூக்கமில்லாமல் யோசிக்கிறான். செழித்து வந்த தோட்டத்தை விட்டுவிட்டு அடிமைகளைத் தேடி நானே ஏன் போக வேண்டும்? பொறுத்திருந்தால், அதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் வீட்டு வாசலிலேயே வாங்கியிருக்கலாமே. விலை கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் அந்த விலை வித்தியாசம் இவ்வளவு ஆபத்துக்கு ஈடாகுமா? 24 ஆண்டு தனிமைக்குப் பிறகு வரும் யோசனை இது. இத்தனைக்கும் இதே மனிதன்தான் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற ஸ்பானியர்களின் கொடுமையை மனமாரக் கண்டிக்கிறான். தீவுக்கு வந்துபோகும் நரமாமிசம் தின்பவர்களைத் தண்டிக்க நான் யார் என்று தன்னையே தடுத்துக்கொள்கிறான். நியாயம் பேசத் தெரிந்தவன். தன் கணக்குப் புத்தகத்தின் மேல் மட்டும் அந்த நியாயம் விழவில்லை.

அதே இரவில் அவன் காணும் கனவு, ஒரு காட்டுவாசி தப்பி ஓடிவந்து தன்னிடம் சேர்வது. விழித்ததும் முடிவு செய்கிறான்: இந்தத் தீவிலிருந்து போக வேண்டுமானால் அப்படி ஒருவனைக் கைவசப்படுத்த வேண்டும். ஃப்ரைடே வருவதற்கு முன்பே அவனுக்கான வேலை தயாராகிவிட்டது.

ஃப்ரைடே வந்ததும் தரையில் தலை வைத்து, குரூசோவின் காலை எடுத்துத் தன் தலைமேல் வைக்கிறான். என்றென்றும் என் அடிமையாக இருப்பேன் என்று சத்தியம் செய்ததாக அதற்குப் பொருள் சொல்பவன் குரூசோ. அப்போது ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. உயிர் காத்தவனுக்கு நன்றி சொன்ன சைகையாக அது ஏன் இருக்கக்கூடாது? இருபத்தாறு வயதிருக்கும் அந்த இளைஞனின் பெயரைக் குரூசோ கேட்கவில்லை. காப்பாற்றிய கிழமையின் பெயரை வைக்கிறான். தன்னை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடச் சொல்லித் தந்து, அதுதான் தன் பெயர் என்று புரியவைக்கிறான். அந்தத் தீவில் குரூசோ முதலில் பேசக் கற்றுக்கொடுத்தது ஒரு கிளிக்கு. கிளி அவனை ராபின் குரூசோ என்று பெயர் சொல்லியே கூப்பிட்டது. கிளிக்குச் சொல்லித்தந்த பெயர் ஃப்ரைடேக்குக் கிடைக்கவில்லை.

குரூசோவின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரைடேயை அவன் உண்மையாகவே நேசிக்கிறான், அவன் அறிவைப் பார்த்து வியக்கவும் செய்கிறான். கடவுள் அவ்வளவு வலியவர் என்றால் சாத்தானை ஏன் கொல்லவில்லை என்று ஃப்ரைடே கேட்கும்போது பதில் தெரியாமல், காதில் விழாதது போல நடித்து, பிறகு எதையோ எடுத்து வா என்று அனுப்பிவிடுகிறான். கட்டப்பட்டுக் கிடந்த தன் அப்பாவை ஃப்ரைடே கண்டெடுத்து, அழுது, சிரித்து, ஆடி, அவர் மரத்துப்போன கைகால்களைத் தேய்த்துவிடும் பக்கங்கள் நாவல் முழுவதிலும் மிக மனிதத்தன்மை உள்ளவை. ஆனால் கடைசியில் கப்பல் கிடைத்ததும், நிலப்பகுதிக்குப் போன அந்த அப்பா திரும்பும் முன்பே குரூசோ ஃப்ரைடேயையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

ஃப்ரைடே, அவன் அப்பா, ஒரு ஸ்பானியர் என்று தீவில் மூன்று பேர் சேர்ந்ததும், என் குடிமக்கள் மூவருக்கும் மூன்று மதம், நான் மனச்சாட்சி சுதந்திரம் அளித்தேன் என்று குரூசோ மகிழ்கிறான். 1703இல் மத விவகாரம் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக மூன்று நாள் பொது இடத்தில் கழுத்தும் கையும் கட்டையில் மாட்டப்பட்டு நின்றவர் டீஃபோ. வழிபாட்டுச் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு வலித்த விஷயம் என்பது அந்த வரியில் தெரிகிறது. இருந்தாலும் அங்கேயும் சுதந்திரம் அரசன் கொடுக்கும் சலுகைதான். அதே பத்தியில்தான் நாடு முழுவதும் என் சொத்து, மக்கள் எனக்கு முற்றிலும் அடங்கியவர்கள் என்கிறான்.

அதனால் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில்: கைத்தொழிலின் பொறுமைக்கு அவனை உதாரணமாகச் சொல்லுங்கள், தயக்கமே வேண்டாம். தனி ஒருவன் யார் உழைப்பையும் சாராமல் வாழ்ந்ததற்கோ சுதந்திரத்துக்கோ உதாரணமாகச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்குச் சொல்லும்போதும் சூரியை விட்டுவிட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த விற்பனை அநியாயம் என்று யாரும் விளக்காமலே புரியும்.

யார் உழைப்பையும் சாராமல் என்ற பேச்சை நாவலின் முடிவே மறுக்கிறது. 1686 டிசம்பர் 19 அன்று தீவை விட்டுக் கிளம்பி, பிறகு லிஸ்பனுக்குப் போய்ப் பழைய போர்ச்சுகீசியத் தலைவரைச் சந்திக்கிறான். பிரேசில் தோட்டம் இத்தனை ஆண்டும் இயங்கியிருக்கிறது. 1,200 பெட்டி சர்க்கரையும் 800 சுருள் புகையிலையும் மீதிக்குப் பொன்னும் வருகின்றன. கையில் 5,000 பவுனுக்கு மேல், ஆண்டுக்கு ஆயிரம் பவுன் போல வருமானம். பழைய கூட்டாளி எழுதிய கடிதத்தில், குரூசோ உயிரோடிருப்பதற்காக 22 சிலுவைக் குறி போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னதாக இருக்கிறது. பரிசாக ஏழு சிறுத்தைத்தோல்கள், ஆப்பிரிக்காவுக்கு அவர் அனுப்பிய வேறொரு கப்பலில் வந்தவை. அந்தக் கப்பல் என்னுடையதைவிட நல்ல பயணம் செய்தது போலும் என்று குரூசோ குறிக்கிறான். தோட்டத்தில் எவ்வளவு நிலம், எப்படிப் பயிரிட்டிருக்கிறது, எத்தனை அடிமைகள் என்ற விவரமும் கடிதத்தில் வந்ததாகச் சொல்கிறான். பெட்டிகளின் எண்ணிக்கையையும் சுருள்களின் எண்ணிக்கையையும் நமக்குச் சொல்லும் அவன், அந்த அடிமைகள் எத்தனை பேர் என்பதை மட்டும் சொல்லவில்லை.